மெற்றில்டா அக்காவின் பெட்டியில் இல்லாதது

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. மணப்பெண்களையும் சாமத்திய வீட்டுப் பிள்ளைகளையும் அலங்கரிப்பது என் தொழில். வாசலில் ஒட்டியிருக்கும் தாளில் மெற்றில்டா என்ற என் பெயருக்குக் கீழே ‘சர்வதேச அழகுக்கலை நிபுணர்’ என்று போட்டிருக்கிறேன். சர்வதேசம் என்பது ஜெர்மனி. அங்கே ஒரு ஹோட்டலில் கட்டில் விரித்துக்கொண்டிருந்தேன். மெத்தை விரிப்பை மடிப்பு விழாமல் இழுத்துச் செருகப் பழகியவளுக்குச் சேலை கட்டுவது பெரிய வித்தை இல்லை. இரண்டுக்கும் நுட்பம் ஒன்றுதான். கட்டினால் அசையக்கூடாது.

நான் கட்டிய சேலை அசையாது என்று லண்டனில் பெயர். வீடியோ எடுக்கும் வாமதேவன் போகிற மண்டபமெல்லாம் எனக்காக விளம்பரம் செய்வார். “மெற்றில்டா அக்கா கட்டிவிட்ட பிள்ளையை மாடியாலை தள்ளிவிட்டாலும் கொய்யகம் குலையாது” என்பார். கொய்யகம் என்றால் சேலையின் முன்மடிப்பு. அது குலையாததன் ரகசியம் சேஃப்டி பின். கொய்யகத்துக்குப் பின், முந்தானைக்குப் பின், அந்தப் பின் வெளியே தெரியாமல் இருக்க அதற்கொரு பின். இதில் ஒரேயொரு சிறு குறை உண்டு. கட்டிய பிறகு பிள்ளை கழிப்பறைக்குப் போக முடியாது. அதை நான் குறையாக வைத்திருக்காமல் சட்டமாக்கிவிட்டேன். “முதல் நாள் இரவு தொடக்கம் தண்ணி குடிக்கப்படாது” என்று ஒப்பரேஷனுக்கு முந்திய டொக்டரைப்போலச் சொல்லுவேன். தாய்மார் பயபக்தியுடன் தலையாட்டுவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தச்சர்கள் ஆயுதம் வைக்கிற, தட்டுத் தட்டாக விரிகிற பெரிய பெட்டி. பொய்ச்சடை, பொய் இமை, ஒட்டுகிற பசை, ஒட்டியதை எடுக்கிற எண்ணெய், என் தலைக்குப் பூசுகிற கறுப்பு, எல்லாம் அதற்குள். மெற்றில்டா அக்காவின் பெட்டியில் இல்லாத சாமான் இல்லை என்பார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

சாமத்திய வீடு என்பது பூப்புனித நீராட்டு விழா. ஊரில் பிள்ளைக்கு முதல் மாதவிடாய் வந்த கையோடு நடந்துவிடும். லண்டனில் அதற்கு முதல் மண்டபம் கிடைக்க வேண்டும், பள்ளிக்கூடம் விட வேண்டும், கனடாவிலிருக்கும் தாய்மாமனுக்கு லீவு கிடைக்க வேண்டும். ஆகவே ஒரு குளிர்காலத்தில் பெரியபிள்ளையானவளுக்கு அதற்கடுத்த கோடையிலோ, அதற்கும் அடுத்த கோடையிலோதான் தண்ணீர் வார்ப்போம். இல்ஃபோர்டில் கடை வைத்திருக்கும் யோகராஜாவின் மகள் துஷ்யாவுக்கும் அப்படித்தான் நடந்தது. 2007 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக்குள் மண்டபம். ஐயர் நல்ல நாள் பார்த்தார், மண்டபக்காரர் காலியான நாள் பார்த்தார். பிள்ளையின் நாள் எதுவென்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

காலையில் வீட்டில் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்த்து மண்டபத்துக்குக் கூட்டி வந்தார்கள். மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் சந்தன நிறப் பட்டைக் கட்டி முடித்து, இரண்டு அடி தள்ளி நின்று என் கைவேலையை நானே ரசித்தேன். கூப்பிடும்வரை உட்கார்ந்து இருக்கச் சொன்னேன். துஷ்யா இருக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தேன், அப்போதும் இருக்கவில்லை. சேலை கசங்காமல் இருக்க நிற்கிறாள், என்ன ஒழுக்கமான பிள்ளை என்று மெச்சிக்கொண்டேன்.

“அன்ரி, இதை ஒருக்காக் கழட்டிப்போட்டுத் திரும்பக் கட்ட ஏலுமோ?”

எனக்குச் சுருக்கென்றது. “ஏன் பிள்ளை, என்ன பிழை?”

“பிழை ஒண்டுமில்லை. இட்ஸ் பியூட்டிஃபுல். எனக்குப் பீரியட்ஸ் வந்திட்டுது, அன்ரி. காலமை தண்ணி வார்த்த உடனை. ஸ்கூல் பாக்கிலை ஒரு பாட் கிடந்தது, அதைத்தான் வைச்சிருக்கிறன். மாத்தவேணும். வேறை இல்லை.”

“அம்மாவுக்குச் சொன்னனியோ?”

“இல்லை. சொன்னால் துடக்கு எண்டு விளக்கடிக்கு விடமாட்டா. எல்லாரும் வந்திட்டினம். அம்மா அழுவா. பிளீஸ் அன்ரி, ஆருக்கும் சொல்லாதேங்கோ.”

தீட்டை நாங்கள் துடக்கு என்போம். இந்தப் பிள்ளைக்கு மாதவிடாய் வருகிறது என்று கொண்டாடத்தான் வெளியே அவ்வளவு சனமும் பட்டு உடுத்து வந்திருக்கிறது. அது உண்மையிலேயே வந்துவிட்டது என்று தெரிந்தால் கொண்டாட்டம் நின்றுவிடும். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பார்த்தால் பிள்ளையின் கண் நிறைந்து நிற்கிறது. உடனே எனக்கு வந்த கவலை கண்ணுக்கு நான் போட்ட மையைப் பற்றியது. அப்படிப்பட்ட மனுஷி நான்.

மையை ஒற்றிவிட்டுக்கொண்டு, “ஒரு நாளைக்கு எத்தினை தரம் மாத்துறனி?” என்று கேட்டேன். ஏதோ தெரிந்தவள்போலக் கேட்டேன், அவ்வளவுதான்.

“ஸ்கூலிலை நேர்ஸ் வந்து நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்தச் சொன்னவ. படமெல்லாம் போட்டுக் காட்டினவ. ஆனா ஸ்கூல் ரொய்லெற்றிலை பூட்டு உடைஞ்சுபோய்க் கிடக்கு. ஆரும் கதவைத் தள்ளுவினம். அங்கை நான் போறேல்லை. அம்மா காலமை ஒண்டு தருவா, பின்னேரம் ஒண்டு தருவா. மிச்சத்தைத் தம்பி கண்டிடுவான் எண்டு அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டியிருக்கிறா.”

“அப்ப பள்ளிக்கூடத்திலை ஒண்டுக்கு வந்தால்?”

“தண்ணி குடிக்கமாட்டன். அப்ப வராது. நெடுக ஒண்டையே வைச்சிருக்கிறதாலை தோல் உரிஞ்சு எரியும். பவுடர் போடுவன்.”

தண்ணீர் குடிக்காமல் நாளைக் கடத்தும் என் மகத்தான முறையை, இந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளை என்னிடம் வர முன்னமே தானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பூட்டு உடைந்த பள்ளிக்கூடம் செய்த வேலையை நான் ஒரு பெட்டி நிறையப் பின்னோடு செய்துகொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

பெட்டியைத் திறந்து தட்டுத் தட்டாகக் கிளறினேன். பொய் நகம் இருந்தது. பொய் நகம் கழன்றால் ஒட்ட இன்னொரு பொய் நகம் இருந்தது. பெரியபிள்ளையான பிள்ளைகளுக்கென்றே நான் தூக்கித் திரிகிற பெட்டியில் ஒரு பாட் இல்லை. எனக்கு அது நின்றுபோய்ச் சில வருஷம். எனக்குத் தேவையில்லாதது உலகத்தில் ஒருத்திக்கும் தேவையில்லை என்று இருந்திருக்கிறேன்.

பெண்கள் கழிப்பறையில் காசு போட்டால் பாட் தருகிற இயந்திரம் ஒன்று சுவரில் இருந்தது. காசு போடும் வாயில் யாரோ சூயிங்கம் ஒட்டியிருந்தார்கள். கடைக்குப் போகலாமென்றால் சுற்றிவர ரயர் மாற்றுகிற இடமும் பூட்டிக் கிடக்கும் களஞ்சியங்களும்தான். என்னிடம் காரும் இல்லை. தட்டுத் தூக்க நின்ற துஷ்யாவின் சிநேகிதிகளிடம் கேட்டால் அடுத்த நிமிஷமே அது யாருக்கென்று தெரிந்துவிடும். ஆகவே பெரியவர்களிடம் போனேன்.

முதலில் கைக்குழந்தையோடு நின்ற ஓர் இளம் தாய். காதுக்குள் கேட்டேன். “எனக்கு உதெல்லாம் இல்லை, அக்கா” என்றாள், நான் சுருட்டுக் கேட்டதுபோல. அடுத்தவள் கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள். அதற்கடுத்தவள் தனக்கு நின்று கனகாலம் என்றாள். அவளுடைய கலியாணத்துக்குச் சேலை கட்டியவள் நான்தான், போன வருஷம்.

கடைசியில் யோகமலரிடம் மாட்டினேன். யோகராஜாவின் தமக்கை. விளக்கேற்றுவது, ஆராத்தி எடுப்பது எல்லாவற்றுக்கும் அன்றைக்கு அவதான் தலைமை.

“ஆருக்கு?” என்று கேட்டா.

துஷ்யாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். “எனக்குத்தான்” என்றேன்.

யோகமலர் என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தா. தலையின் கறுப்பு அவவை ஏமாற்றவில்லை. “இந்த வயதிலையோ? நிண்ட பிறகு வந்தால் சும்மா விடப்படாது, மெற்றில்டா. டொக்டரிட்டைக் காட்டும்.” நல்ல புத்திதான், யாருக்கும் சொல்லலாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அதுசரி, துடக்கோடையோ பிள்ளைக்குச் சேலை கட்டினனீர்?”

நான் அறைக்குத் திரும்ப முன் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. நான் போகும் வழியெல்லாம் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்து இடம் விட்டார்கள். லண்டனில் ஒரு மண்டபத்தில் எனக்கு இப்படி வழி கிடைத்தது அதுதான் முதல் தடவை. வாசலில் துஷ்யாவின் தாய் யசோதினி நின்றாள். மெல்லிய, பயந்த சுபாவம். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லத் தெரியாதவள்.

“அக்கா, குறை நினையாதேங்கோ. மச்சாள் சொல்லுறா. இனிப் பிள்ளையைத் தொடாதேங்கோ. விளக்கடிக்கும் வரவேண்டாம்.”

எனக்குக் கோபம் மூக்கில் ஏறியது. இத்தனை வருஷம் உங்கள் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுத்தானே அழகாக்கினேன் என்று வாய்வரை வந்தது. அதற்குள் யசோதினி அங்குமிங்கும் பார்த்துவிட்டு என்னைத் திரைக்குப் பின்னால் இழுத்தாள். கைப்பையின் அடியிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கைக்குள் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

“இந்த ஒண்டுதான் கிடக்கு. நீங்கள் வைச்சிருங்கோ.”

தேடித் திரிந்தது கையில் வந்துவிட்டது. கோபத்தை அப்படியே விழுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைப் பூட்டினேன். முதலில் துஷ்யாவுக்கு என் போத்தல் தண்ணீரைக் கொடுத்தேன். ஒரே மூச்சில் முழுவதையும் குடித்தாள். பிறகு என் கைவேலையை நானே பிரித்தேன். ஒவ்வொரு பின்னையும் கழற்றும்போதுதான் எவ்வளவு குத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது. அறையோடு ஒட்டிய கழிப்பறைக்குள் போய் மாற்றிக்கொண்டு வந்தவளின் முகத்தில், நான் பூசிய எதுவும் தராத ஒரு தெளிவு இருந்தது.

“மெற்றில்டா, உள்ளை பிள்ளையைத் தொடுறீரோ?” வெளியே யோகமலரின் குரல்.

“தொடேல்லை. தள்ளி நிண்டு சொல்லிக் குடுக்கிறன், பிள்ளை தானே கட்டுது” என்றேன், வாய் நிறையப் பின்னோடு, இரண்டு கையாலும் கொய்யகத்தைப் பிடித்துக்கொண்டு. துஷ்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்தமுறை கொய்யகத்தை ஓர் இடுப்புப் பட்டியில் செருகி, மிகக் குறைவாகப் பின் குத்தி, தூக்கிக்கொண்டு அவள் தானாகவே போய்வரக்கூடிய மாதிரிக் கட்டினேன். தொழிலுக்கு வந்த பிறகு அவிழக்கூடிய சேலை ஒன்றை நான் கட்டியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு என்னைச் சமையலறை வாசலில், கடைசி வரிசைக்கும் பின்னால், ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தினார்கள். யாரோ ஒரு தட்டில் வடை கொண்டுவந்து பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு விலகிப் போனார்கள். நான் கத்தோலிக்கச்சி. எங்கள் கோயிலில் மாதாவுக்கு முன்னால் போவதற்கு யாரும் நாள் கேட்பதில்லை. ஆனால் வடை நன்றாக இருந்தபடியால் அங்கிருந்தே மேடையைப் பார்த்தேன். துஷ்யா விளக்கடியில் நின்றாள். ஆராத்தி எடுத்தார்கள். ஒருமுறை அவள் கொய்யகம் சரிந்து, அவளே பிடித்துச் செருகிக்கொண்டாள். வாமதேவன் அதையும் வீடியோ எடுத்தார். என் பெயர் அன்றோடு போயிற்று.

சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போது யசோதினி என்னிடம் வந்தாள். அடி அடியாக, காலை ஒடுக்கி நடந்து வந்தாள்.

“அக்கா, நான் தந்தது... பாவிச்சிட்டியளோ?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“எனக்கும் இண்டைக்கு இரண்டாம் நாள்” என்றாள் மிக மெதுவாக. “விடிய வைச்ச ஒண்டோடைதான் நிக்கிறன். நாள் வைச்சு, சனமும் வந்த பிறகு ஆருக்குச் சொல்லுறது? அதுதான், நீங்கள் இன்னும் பாவிக்கேல்லையெண்டால்...”

விளக்கடிக்கு வராதே என்று எனக்குச் சொன்னவள் காலையிலிருந்து அந்த விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொடுக்க நல்ல சூடான பதில் ஒன்று என்னிடம் இருந்தது. சொல்ல முடியவில்லை. தன்னிடம் கிடந்த ஒரேயொன்றை எனக்குத் தந்துவிட்டு, நாள் முழுக்க அந்தரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“அது எனக்கில்லை, தங்கச்சி. துஷ்யாவுக்கு. காலமை வந்திட்டுதாம். உனக்குச் சொன்னால் நீ அழுவாய் எண்டு சொல்லேல்லை.”

யசோதினி மேடையைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பக்கத்தில், வடைத்தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஸ்டூலில் இருந்துவிட்டாள்.

“ஏன் எனக்கு மறைச்சவள்?”

“நீ ஆருக்குச் சொன்னனி?”

பள்ளிக்கூடத்துப் பூட்டையும், குடிக்காத தண்ணீரையும், உரிந்த தோலையும் நான் சொன்னேன். அலுமாரிச் சாவியையும் சொன்னேன்.

“எனக்கு அம்மா பழஞ்சேலை கிழிச்சுத் தந்தவ” என்றாள் யசோதினி. “நான் பிள்ளைக்குப் பாட் வாங்கிக் குடுத்தால் காணும் எண்டு இருந்திட்டன், அக்கா. எப்பிடி இருக்கு எண்டு ஒருநாளும் கேக்கேல்லை.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் யோகராஜாவின் காதுக்குள் ஏதோ சொன்னாள். அவர் கடையில், குழந்தை நாப்கினுக்கும் பூனைச் சாப்பாட்டுக்கும் நடுவில், நாள்தோறும் விற்கிற சாமான்தான். ஆனாலும் மனுஷனின் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. பட்டு வேட்டியோடு காரில் ஏறிப் போனவர் பெரிய மட்டைப்பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு முன்வாசலால் வந்தார். “எதெண்டு தெரியேல்லை. எல்லாத்திலையும் எடுத்தனான்” என்றார். தாய்மாமன் வீட்டுத் தட்டொன்று பிந்தி வருகிறது என்று நினைத்த வாமதேவன், வெளிச்சத்தைப் போட்டு அதை வாசலிலிருந்தே எடுத்தார். சாமத்திய வீட்டு டிவிடியில் அந்தக் காட்சி இன்றைக்கும் இருக்கிறது. பின்னால் நாதஸ்வரம் போட்டிருக்கிறார்.

பெட்டியைக் கொண்டுபோய்ப் பெண்கள் கழிப்பறையில் வைத்து, மேல்மூடியைக் கிழித்துவிட்டு யசோதினி நேரே மேடைக்கு ஏறினாள். “அண்ணை, ஒருக்கா நிப்பாட்டுங்கோ. பிள்ளை பாத்ரூமுக்குப் போகவேணும்” என்று வாமதேவனிடம் சொன்னாள். பிறகு மண்டபத்தின் கடைசிக்குத் திரும்பி, “அக்கா, வாங்கோ. வந்து பிள்ளையின்ரை கொய்யகத்தைப் பிடியுங்கோ” என்றாள்.

யோகமலர் வழியில் வந்தா. “யசோ, அவவுக்கு...”

“அவவுக்கு ஒண்டுமில்லை, மச்சாள். எனக்குத்தான்.”

மேடையில் அத்தனை பேருக்கும் கேட்டது. துஷ்யா தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். நான் பின்னால் கொய்யகத்தைத் தூக்கிக்கொண்டு, உலகத்திலேயே முக்கியமான ஒரு பொருளைக் காவுகிறவள்போல நடந்தேன். அடுத்த திங்கட்கிழமையே அந்த அலுமாரிச் சாவி கதவிலேயே தொங்கியது என்று துஷ்யா பிறகு எனக்குச் சொன்னாள். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், அந்தப் பூட்டுக்காக யசோதினி நேரில் போய், தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சண்டை பிடித்தாளாம்.

இப்போது என் பெட்டியின் மேல்தட்டில் பாட் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் சேலையைத் தொடுகிறேன். கட்டிக்கொண்டே, எத்தனை தரம் மாற்றுகிறாய், பள்ளிக்கூடத்தில் கதவு பூட்டுமா என்று கேட்கிறேன். துஷ்யாவிடம் படித்ததை என் சொந்தச் சரக்குப்போல எடுத்து விடுகிறேன். சேலை சிலவேளை சரிகிறது. மண்டபங்களில் பெண்கள் என்னைக் கண்டால் இன்னமும் தனியாகக் கூப்பிட்டு, “டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ, அக்கா?” என்று இரக்கத்தோடு விசாரிக்கிறார்கள். காட்டினேன் என்று சொல்லிவிடுவேன்.

அன்றைக்கு மண்டபம் பூட்டுகிற நேரம், என் பெட்டிக்கும் ஒரு பக்கற் எடுத்து வைப்போம் என்று கழிப்பறைக்குப் போனேன். மட்டைப்பெட்டி வெறுமையாகக் கிடந்தது, அடியில் ஒன்றுகூட இல்லை. காலையில் நான் கேட்டபோது அந்த மண்டபத்தில் ஒருத்தியிடமும் இல்லாத, ஒருத்திக்கும் வராத சங்கதி. வாசலில் விடைபெற்ற யோகமலரின் கைப்பைகூட வந்தபோது இருந்ததைவிடப் பொருமியிருந்தது, அது கேக்காகவும் இருக்கலாம். அந்த விளக்குக்குக் கிட்டப் போக அன்று முழுக்க ஐயமில்லாத தகுதி உள்ளவளாக இருந்தது நான் ஒருத்திதான் போலிருக்கிறது. என்னைத்தான் பிடித்துச் சமையலறை வாசலில் இருத்தியிருந்தார்கள்.